இரு தாய்மாரின் குரல்: நடிகை சாரா ஓல்குட்

அயர்லாந்து நாட்டின் நாடக மறுமலர்ச்சியைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் நான்கு பெயர்களைச் சொல்லி அமைவர். கவிஞர் யேட்ஸ், கிரெகரி சீமாட்டியார், சிங், அவர்களுக்குப் பின்வந்த ஷோன் ஓகேசி என்போரே அந்நால்வர். இவர்கள் நாடகங்களை எழுதியவர்கள். எழுதப்பட்டதை மக்கள் செவியிற் சேர்த்தவர்களை உலகம் அத்துணை நினைப்பதில்லை. நூல் எஞ்சி நிற்கின்றது. குரல் காற்றோடு கலந்துவிடுகின்றது. அவ்வாறு கலந்துபோன குரல்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

அக்குரலுக்கு உரியவர் சாரா ஓல்குட் என்னும் நடிகை. டப்ளின் மாநகரத்தின் ஏழைத் தொழிலாளர் குடும்பம் ஒன்றிற் பிறந்து, அயர்லாந்தின் தேசிய நாடகசாலையிற் புகழ்பெற்று, பேசும்படம் தோன்றிய நாளிலே திரைக்குச் சென்று, முடிவில் அமெரிக்காவின் ஹொலிவூட் நகரை அடைந்தவர். இவர் ஏற்று நடித்த பாத்திரங்கள் பல. எனினும் அவற்றுள் இரண்டு தனித்து நிற்கின்றன. ஒன்று, எனக்காக உயிர் கொடுக்க வாருங்கள் என்று இளைஞரை அழைக்கும் தாய். மற்றொன்று, என் மகன் ஏன் சாக வேண்டும் என்று கேட்கும் தாய். இவ்விரு தாய்மாருக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் அயர்லாந்து விடுதலை பெற்றது. அதன் பொருட்டுப் பெரும் விலையும் கொடுத்தது. ஒரே நடிகையின் குரல் இவ்விரண்டையும் பேசியது என்பதே இவ்வம்மையாரின் வாழ்வை நாம் இன்றும் எண்ணிப் பார்ப்பதற்குரிய காரணமாகும்.

சாரா பிறந்தது 1880ஆம் ஆண்டையொட்டி. பிறந்த இடம் டப்ளினின் நடு அபி வீதி. தந்தையார் அச்சுத் தொழிலைச் சேர்ந்தவர், புரட்டஸ்தாந்து சமயத்தவர். தாயார் கத்தோலிக்கர். ஒரே வீட்டில் இரு சமயங்கள் இருப்பது அக்கால அயர்லாந்தில் எளிதான காரியமன்று. பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. தந்தையார் காலமானபின் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. தங்கை மொலி அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியொன்றிற் சேர்க்கப்பட்டாள். சாரா நாற்காலிகளுக்கும் சாய்மணைகளுக்கும் பஞ்சுவைத்து உறை தைக்கும் தொழிலைப் பழகினார். பகலெல்லாம் ஊசியும் நூலுமாகக் கழிந்த இளமை அது.

அந்நாட்களில் டப்ளின் நகரில் நாட்டுப்பற்று பல வடிவங்களிற் பொங்கிக்கொண்டிருந்தது. 1900ஆம் ஆண்டில் மோட் கொன் என்னும் பெண்மணி, ‘அயர்லாந்தின் புதல்வியர்’ என்ற பொருளுடைய ஒரு மாதர் சங்கத்தை நிறுவினார். கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் வேலைசெய்த பெண்கள் மாலை வேளைகளில் அங்கே கூடி ஐரிஷ் மொழியும் வரலாறும் கற்றனர், நாடகமும் பயின்றனர். சாராவும் அங்கே சேர்ந்தார். நாடகம் பயிற்றியவர்கள் வில்லியம் பே, பிராங்க் பே என்னும் சகோதரர் இருவர். வில்லியம் மின்சாரத் தொழிலாளர். பிராங்க் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். பகலில் வயிற்றுக்கு உழைத்து இரவிற் கலைக்கு உழைத்தவர்கள் இவர்கள்.

பிராங்க் பே சொல் உச்சரிப்பில் மிகுந்த கண்டிப்புடையவர். ஒவ்வொரு சொல்லும் அரங்கின் கடைசி வரிசை வரை தெளிவாகச் சென்று சேர வேண்டும். ஆனால் கத்துதல் கூடாது. உடல் அசையாதிருக்க வேண்டும். குரல் மட்டுமே நகர வேண்டும். அக்காலத்து இலண்டன் மேடைகளில் நடிகர்கள் கைகளை வீசி அங்குமிங்கும் நடந்து கொண்டிருக்க, டப்ளின் நடிகர்கள் நின்ற இடத்தில் நின்று பேசினார்கள். இப்புதுமையைக் கண்டு இலண்டன் விமரிசகர்கள் வியந்தனர். இந்தப் பயிற்சியின் முழுப் பயனையும் அடைந்தவர் சாரா. இயல்பாகவே தாழ்ந்த சுருதியும் கனிவும் உடையது அவர் குரல். அது பண்பட்டபோது, செய்யுளையும் உரைநடையையும் ஒருங்கே தாங்கவல்ல அருங்கருவியாயிற்று.

1903ஆம் ஆண்டில் ஐரிஷ் தேசிய நாடக சங்கம் உருவாயிற்று. 1904ஆம் ஆண்டு பெப்ரவரியில் அச்சங்கம் ஜோன் மிலிங்டன் சிங் எழுதிய ‘ரைடர்ஸ் டு த ஸீ’ என்னும் ஓரங்க நாடகத்தை மேடையேற்றியது. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவொன்றில் மொரியா என்னும் கிழவி வாழ்கின்றாள். கணவனையும் புதல்வரையும் ஒவ்வொருவராகக் கடல் கொண்டுவிட்டது. தொலைவிலே கரையொதுங்கிய ஒருவனின் உடைகள் சிறு மூட்டையாக வீட்டிற்கு வந்திருக்கின்றன. அவன் தன் தமையன்தானா என்பதை அறியச் சகோதரிகள் இருவர் தாயறியாமல் அம்மூட்டையை அவிழ்க்கின்றனர். காலுறையின் தையல் எண்ணிக்கையைக் கொண்டே அவனை அடையாளம் காண்கின்றனர். அந்த முதல் மேடையேற்றத்தில் மூத்த சகோதரியாக நடித்தவர் சாரா. பிற்காலத்தில் அதே நாடகத்தில் தாய் மொரியாவின் பாத்திரமும் அவருக்கே உரியதாயிற்று. கடைசி மகனும் இறந்தபின், இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் நிலையில் அக்கிழவி அடையும் பயங்கரமான அமைதியைச் சாரா உரத்த அழுகையின்றி, குரலின் ஆழத்தாலேயே வெளிப்படுத்தினார்.

அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் அபி நாடகசாலை திறக்கப்பட்டது. சாரா பிறந்த வீதியின் தொடர்ச்சியாகிய கீழ் அபி வீதியிலே அது அமைந்தது. ஹோர்னிமன் அம்மையார் என்னும் ஆங்கிலச் சீமாட்டி, தேயிலை வணிகத்தால் வந்த குடும்பச் செல்வத்தைக் கொண்டு பழைய மண்டபம் ஒன்றையும், அதனை அடுத்திருந்த பிணச்சாலைக் கட்டடத்தையும் இணைத்துப் புதுப்பித்துக் கொடுத்தார். ஏறத்தாழ 560 பேர் அமரக்கூடிய சிறிய அரங்கு அது. திறப்பு விழா இரவிலே கிரெகரி சீமாட்டியாரின் நகைச்சுவை நாடகத்தில் சாரா நடித்துப் பாராட்டுப் பெற்றார். அடுத்த ஆண்டில் நடிகர்களுக்குச் சம்பளம் வழங்கும் முறை ஏற்பட்டது. ஊசியை வைத்துவிட்டு நாடகத்தையே தொழிலாகக் கொள்ள அவருக்கு வழி பிறந்தது. இம்மாற்றத்தை விரும்பாத சிலர் சங்கத்தை விட்டு நீங்கியபின், சாராவே அதன் முதன்மை நடிகையானார்.

முன்னர் நான் குறிப்பிட்ட முதற்றாய் இங்கேதான் வருகின்றாள். ‘கதலீன் நி ஹூலிஹன்’ என்பது யேட்ஸ் பெயரால் வழங்கும் நாடகம். அதன் பெரும்பகுதியில் கிரெகரி சீமாட்டியாரின் கையும் உண்டு என்பதை ஆராய்ச்சியாளர் இன்று ஒப்புக்கொள்கின்றனர். 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலம். ஒரு குடியானவன் வீடு. மறுநாள் மகனுக்குத் திருமணம். அவ்வேளையில் ஒரு வறிய கிழவி வந்து, தன் நிலங்கள் நான்கும் பறிபோயின என்கின்றாள். அவள் வேறு யாருமல்லள். அயர்லாந்து அன்னையே அவள். அவள் பின்னே மணமகன் மணப்பெண்ணை விட்டுப் போருக்குப் புறப்படுகின்றான். அவன் போனபின் அக்கிழவி இளமங்கையாக, அரசியின் நடையோடு செல்வதை வழியிற் கண்டதாக அவன் தம்பி சொல்ல, நாடகம் முடிகின்றது. 1902ஆம் ஆண்டில் முதன்முதல் இப்பாத்திரத்தை ஏற்றவர் மோட் கொன். பின்னர் அபி நாடகசாலையில் அப்பாத்திரத்தைத் தமதாக்கிக் கொண்டவர் சாரா. அரங்கிலிருந்த இளைஞர் பலர் அதை வெறும் நாடகமாகக் கொள்ளவில்லை. தமக்கு விடுக்கப்பட்ட அழைப்பாகவே கொண்டனர்.

எனினும் நாட்டுப்பற்றுடைய கூட்டம் எப்பொழுதும் நாடகசாலையைக் கொண்டாடியது என்று எண்ணுதல் தவறு. 1907ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் சிங் எழுதிய ‘த பிளேபோய் ஒவ் த வெஸ்டேர்ன் வேர்ல்ட்’ அரங்கேறியது. தந்தையைக் கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வரும் ஓர் இளைஞனை ஒரு கிராமம் வீரனாகக் கொண்டாடுவதே அதன் கதை. சாராவின் தங்கை மொலி, மேடையில் மோயர் ஓநீல் என்ற பெயருடன், கதாநாயகியாக நடித்தார். சாரா ஏற்றது சூழ்ச்சித்திறமும் நகைச்சுவையும் கலந்த கைம்பெண்ணின் பாத்திரம். அயர்லாந்துப் பெண்களை இந்நாடகம் இழிவுபடுத்துகின்றது என்று கூறி அவையினர் கூச்சலிட்டனர். அடுத்து வந்த இரவுகளிற் காவலர் அழைக்கப்பட்டனர். ஊமைக்கூத்துப் போல ஒரு சொல்லும் கேளாத நிலையிலும் நடிகர்கள் நாடகத்தை நடத்தி முடித்தனர். தம்மைப் போற்றிய அதே மக்கள் முன்னிலையில் அந்த ஒரு வாரம் அக்கா தங்கை இருவரும் நின்ற உறுதி சாதாரணமானதன்று. மொலிக்கும் சிங்குக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஆனால் 1909ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சிங் நோயுற்று இறந்தார். அவர் முடிக்காது விட்ட கடைசி நாடகத்தில், மறு ஆண்டு, மொலியே நாயகியாக நடித்தார்.

1916ஆம் ஆண்டிலே சாரா வேறு திசையிற் சென்றார். ‘பெக் ஓ மை ஹார்ட்’ என்னும் இலகுவான நகைச்சுவை நாடகத்தின் நாயகியாக அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சுற்றுப்பயணம் செய்தார். அதே ஆண்டு உயிர்த்த ஞாயிறு வாரத்தில் டப்ளின் நகரிற் புரட்சி வெடித்தது. அபி நாடகசாலையின் நடிகரான ஷோன் கொனொலி முதல் நாளிலேயே குண்டுபட்டு இறந்தார். அவ்வாரம் அபியில் நடைபெறுவதாக இருந்த நாடகங்களுள் ஒன்று ‘கதலீன் நி ஹூலிஹன்’. மேடையின் அழைப்பு வீதிக்கு இறங்கிவிட்டது. தம் நாடகம் சிலரைச் சாவுக்கு அனுப்பியதோ என்ற ஐயம் முதுமை வரை யேட்ஸை விட்டு நீங்கவில்லை.

சாராவின் சொந்த வாழ்விலும் அக்காலத்திலேயே இன்பமும் துன்பமும் அடுத்தடுத்து வந்தன. உடன் நடித்த ஜெரல்ட் ஹென்சன் என்பவரை 1916ஆம் ஆண்டில் மெல்பேண் நகரில் மணந்தார். 1918ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்த அளவிலேயே இறந்தது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், உலகையே சூறையாடிய நச்சுச்சுரம் கணவரையும் கொண்டுபோயிற்று. ஓராண்டுக்குள்ளே குழந்தையும் இல்லை, கணவரும் இல்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மேடையிலே மொரியாவாக நின்று இழப்பைப் பேசியவர், இப்பொழுது இழப்பையே துணையாகக் கொண்டு தாயகம் திரும்பினார்.

அவர் திரும்பிய அயர்லாந்து முன்னைய அயர்லாந்து அன்று. 1919 முதல் 1921 வரை ஆங்கில அரசுடன் போர், அதன்பின் உடன்படிக்கை, உடன்படிக்கையை ஏற்றோருக்கும் ஏலாதோருக்கும் இடையே 1922, 1923ஆம் ஆண்டுகளில் உள்நாட்டுப் போர். நேற்று ஒரே அணியில் நின்றவர்கள் இன்று ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். அப்போர் ஓய்ந்து ஓராண்டு நிறையுமுன், 1924ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள், அபி நாடகசாலையில் ‘ஜூனோ அன்ட் த பேகொக்’ அரங்கேறியது. எழுதியவர் ஷோன் ஓகேசி. டப்ளினின் சேரிப்புற வாழ்வை உள்ளிருந்து அறிந்த கூலித் தொழிலாளர்.

‘பேகொக்’ என்பது மயிலைக் குறிக்கும் டப்ளின் பேச்சு வழக்கு. தோகை விரித்து ஆடும் மயில் வேறு யாருமல்லன். வேலைக்குப் போகாமல், கப்பற் தலைவன் என்று பெருமை பேசிக் குடித்துத் திரியும் கணவனே. மனைவி ஜூனோ உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகின்றாள். மகன் ஜொனி போராட்டத்திலே ஒரு கையை இழந்தவன். ஆனால் தன் தோழன் ஒருவனைக் காட்டிக்கொடுத்த குற்றம் அவன் நெஞ்சை அரிக்கின்றது. கொல்லப்பட்ட அத்தோழனின் தாய் அதே மாடிவீட்டில் வாழ்பவள். அவள் அழுதுகொண்டு படியிறங்கிச் செல்கையில் ஜூனோவின் வீட்டிற் பாட்டும் கூத்துமாக இருக்கின்றது. முடிவில் ஜொனியும் அழைத்துச் செல்லப்பட்டுச் சுடப்படுகின்றான். மகள் காதலனாற் கைவிடப்பட்டுக் கருவுற்று நிற்கின்றாள். கடனுக்கு வாங்கிய தளபாடங்களும் போய்விடுகின்றன. அப்பொழுது ஜூனோ, முன்பு அந்த அயல்வீட்டுத் தாய் சொன்ன அதே பிரலாபத்தைத் தன் வாயாற் சொல்கின்றாள். அவளுக்காகத் தான் அன்று போதியளவு வருந்தவில்லையே என்ற உணர்வும் உடன் வருகின்றது.

இதுவே இரண்டாவது தாய். கதலீனாக நின்று இளைஞரை அழைத்த அதே குரல், அதே மேடையில், அழைக்கப்பட்டவனின் தாயாக நின்று கணக்குக் கேட்டது. அரங்கில் அமர்ந்திருந்தோரில் எத்தனையோ பேர் மகனையோ சகோதரனையோ அண்மையில் இழந்தவர்கள். எதிரெதிர் அணிகளில் நின்றவர்களும் ஒரே வரிசையில் அமர்ந்து அத்தாயின் குரலைக் கேட்டனர். எந்த அணியின் பக்கமும் சாயாத குரல் அது. அரசியல் மேடைகள் செய்ய மாட்டாத ஒன்றை அந்நாடகம் செய்தது எனலாம். கணவனாக நடித்த பரி பிட்ஸ்ஜெரல்ட் அவையைச் சிரிக்க வைத்தார். அச்சிரிப்பு அடங்குமுன்னரே சாரா அவர்களை அழ வைத்தார். பணமுடையால் தவித்த நாடகசாலைக்கு ஓகேசியின் நாடகங்கள் புத்துயிர் அளித்தன. அடுத்த ஆண்டு, 1925இல், புதிய ஐரிஷ் அரசு அந்நாடகசாலைக்கு 850 பவுண் மானியம் வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் இந்நாடகம் இலண்டன் சென்றது. ஐரிஷ்காரரோடு போரிட்ட நாட்டின் தலைநகரிலும் ஜூனோவின் துயரம் புரிந்துகொள்ளப்பட்டது.

இனி அவருடைய திரை வாழ்வைக் காண்போம். அவுஸ்திரேலியாவில் இருந்த காலத்தில், 1918ஆம் ஆண்டில், ஓர் ஊமைப்படத்தில் அவர் நடித்ததுண்டு. ஆயினும் குரலே முதலாக உடையவருக்கு ஊமைப்படம் என்ன செய்ய இயலும்? பேசும்படம் பிறந்த பின்னரே திரை அவரை உண்மையாக நாடியது. 1929ஆம் ஆண்டில் அல்பிரட் ஹிட்ச்கொக் நெறிப்படுத்திய ‘பிளக்மெயில்’ பிரித்தானியாவின் முதற் பேசும்படங்களுள் தலையாயது. ஊமைப்படமாகத் தொடங்கி இடையிலே பேசும்படமாக மாற்றப்பட்டது அது. நாயகியாக நடித்த அனி ஒன்ட்ரா வேற்றுநாட்டவர். அவருடைய ஆங்கில உச்சரிப்புப் பொருந்தாமையால், திரைக்குப் புறத்தே மற்றொரு நடிகை நின்று பேச, அவர் வாயை மட்டும் அசைத்தார். அப்படத்தில் நாயகியின் தாயாக வந்த சாராவுக்கு இரவற்குரல் தேவைப்படவில்லை. பிராங்க் பேயின் மாலை வகுப்பில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பெற்ற பயிற்சி, ஒலிவாங்கியின் முன்னும் அவரைக் கைவிடவில்லை.

மறு ஆண்டு, 1930இல், ஹிட்ச்கொக் ‘ஜூனோ’ நாடகத்தையே படமாக்கினார். அதிலும் ஜூனோ சாராவே. மொலியும் அயல்வீட்டுப் பெண்ணாக நடித்தார். ஒலிப்பதிவுக் கருவிகளின் கட்டுப்பாட்டினால் கமரா பெரும்பாலும் அசையாது நிற்க, படம் மேடை நாடகத்தின் பிரதி போலவே அமைந்தது. நெறியாளருக்கும் அதில் முழு நிறைவு இல்லை. அயர்லாந்தின் லிமெரிக் நகரிலோ, நாட்டை இழிவுபடுத்துகின்றது என்று கூறி அப்படச் சுருள்களை வீதியிற் போட்டுக் கொளுத்தினர். இக்குறைகளும் எதிர்ப்புகளும் ஒருபுறம் இருக்க, அப்படம் இன்றும் எஞ்சியுள்ளது. திரைக்கலையாகப் பார்ப்பவர் அதிற் குறை காணலாம். சாராவின் ஜூனோவைக் கேட்க விரும்புவோருக்கோ அது ஒரு புதையல்.

1940ஆம் ஆண்டு ஜனவரியில், பரி பிட்ஸ்ஜெரல்டுடன் நியூயோர்க் மேடையில் மீண்டும் ஜூனோவாகத் தோன்றியபின், சாரா அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு, 1941ஆம் ஆண்டில் ஜோன் போர்ட் நெறிப்படுத்திய ‘ஹவ் கிரீன் வோஸ் மை வலி’. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தின் கதை அது. ஐரோப்பாவிற் போர் நடந்தமையால், கலிபோர்னியாவின் மலைச்சரிவில் ஒரு வேல்ஸ் கிராமத்தையே எழுப்பினர். சாரா அக்குடும்பத்தின் தாய். வேலைநிறுத்தத்தின்போது, கணவன்மீது சந்தேகம் கொண்ட தொழிலாளரின் கூட்டத்துக்குப் பனி பொழியும் இரவிலே இளைய மகனுடன் மலையேறிச் சென்று, அவர்களை அவள் எச்சரிக்கும் காட்சி ஒன்றுண்டு. அங்கே சமையலறைத் தாய் மறைந்து, அபி நாடகசாலையின் நடிகை நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். சிறந்த படத்துக்கான பரிசு உட்பட ஐந்து ஒஸ்கார் பரிசுகளை அப்படம் பெற்றது. சிறந்த துணை நடிகைக்கான பரிசுக்குச் சாராவின் பெயரும் முன்மொழியப்பட்டது. பரிசு மேரி அஸ்டருக்குச் சென்றது.

அதன்பின் ஹொலிவூட் அவருக்கு அளித்தவை சிறு பாத்திரங்களே. பணிப்பெண், வாடகை வீட்டுக்காரி, நோயாளியைப் பார்க்கும் தாதி என்று அவை தொடர்ந்தன. 1944ஆம் ஆண்டின் ‘த லொட்ஜர்’, 1946ஆம் ஆண்டின் ‘த ஸ்பைரல் ஸ்டெயர்கேஸ்’, 1950ஆம் ஆண்டின் ‘சீப்பர் பை த டசன்’ ஆகியவற்றில் அவரைக் காணலாம். தொண்டையில் ஒரு நாட்டின் வரலாற்றைச் சுமந்த நடிகையிடம், அந்நகரம் பெரும்பாலும் கேட்டது தேநீர்த் தட்டைச் சுமப்பதையே. ஆனால் இதனை முழுவதும் வீழ்ச்சி என்று கூறுவதும் நியாயமன்று. ஊசி வேலை செய்த பெண், தன் தொழிலால் இறுதிவரை தன்னைத் தாங்கிக்கொண்டாள் என்பதும் ஒரு பெருமையே. 1945ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் கலிபோர்னியாவில் மாரடைப்பினாற் காலமானார். தங்கை மொலி 1952ஆம் ஆண்டில் இறந்தார்.

சாரா மறைந்த மறு ஆண்டு, 1951 ஜூலை 18ஆம் நாள், பழைய அபி நாடகசாலை தீக்கிரையாயிற்று. அன்றிரவு அங்கே நடந்தது ஓகேசியின் மற்றொரு நாடகம். டப்ளின் நகர் எரியும் காட்சியோடு முடிவது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1966ஆம் ஆண்டில், அதே இடத்திற் புதிய அரங்கு எழுந்தது. கதலீனும் ஜூனோவும் அதன் பின்னரும் மேடையேறினர். வெவ்வேறு நடிகைகள் அப்பாத்திரங்களை ஏற்றனர்.

நாட்டுக்காக உயிர் கொடு என்னும் அழைப்பும், உயிர் கொடுத்தவனின் தாய் விடும் கண்ணீரும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் கேட்கும் சமுதாயம் பாதி உண்மையோடு வாழ்கின்றது. அயர்லாந்து மக்கள் இரண்டையும் ஒரே குரலிற் கேட்கும் பேறு பெற்றிருந்தனர். நேயர்களே, 1930ஆம் ஆண்டின் அந்தப் பழைய படத்தைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், கடைசிக் காட்சியிற் சிறிது நேரம் கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள். பட்டப்பகல் முழுதும் உழைத்துக் களைத்த ஒரு தாய், இறந்த மகனுக்காக மட்டுமன்றி, அவன் காட்டிக்கொடுத்தவனுக்காகவும் அழுவது உங்கள் செவியில் விழும்.